மின்னலுக்குச் சுற்றிய சுருட்டு

சுருட்டுக் கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து புகையிலை நரம்பு கிழித்த சேக்காளிகளே, உங்களில் பாதிப் பேர் இப்போது பேரன் பேத்தி எடுத்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இருப்பீர்கள். எனக்கும் முழங்கால் வலிதான். ஆனாலும் காலை ஒன்பது மணிக்கு என் மோட்டார் வைண்டிங் கடை ஷட்டரை இன்றைக்கும் நான்தான் தூக்குகிறேன். குஜிலியம்பாறைப் பக்கம் எவர் தோட்டத்தில் போர்வெல் மோட்டார் எரிந்தாலும் வண்டி நேரே என் வாசலில்தான் வந்து நிற்கும். பட்டம் படித்த பையன்கள் மீட்டரை வைத்துக்கொண்டு தலையைச் சொறிவார்கள். நான் மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன், போனது காயிலா, கண்டன்சரா என்று. ஐந்தாம் வகுப்போடு ஸ்லேட்டைக் கீழே வைத்தவள் நான். பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைப்பீர்கள். ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் உங்களில் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, இம்புட்டு வேலையும் யாருகிட்ட கத்துக்கிட்டே? அது கெடக்கட்டும், நாப்பது வருசமா கடை வச்சிருக்கியே, எங்கள ஒரு நாள் உள்ள கூப்பிட்டு ஒரு டீத்தண்ணி குடுத்திருக்கியா?" என்றாள். எனக்கு வாய் நிறையச் சோறு. பதில் சொல்லவில்லை. சோறு இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் பதின்மூன்று வயது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். வெயில் ஏறி, மலைக்கோட்டைப் பாறை நெருப்பாய்க் கிடக்கும் மாதம். அம்மா சுருட்டுச் சுற்றுவாள், நான் நரம்பு கிழிப்பேன். அம்மாவின் கை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகையிலேயே இடது கைக்காரி அவள் ஒருத்தி. நம் எல்லார் சுருட்டிலும் மேல் இலை வலப்பக்கம் சாய்ந்து ஏறும், அவள் சுருட்டில் இடப்பக்கம் சாய்ந்து ஏறும். கணக்கப்பிள்ளை அவள் சுருட்டைத் தனியாகத்தான் கட்டி வைப்பார். அதைக் கேட்டு வாங்கும் ஆட்கள் இருந்தார்கள். ஒரு தடவை அவர் அம்மாவின் சுருட்டு ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்து, "என்ன, இது செத்த தொளதொளன்னு இருக்கே" என்று சொல்லிவிட்டார். அம்மா இரண்டு நாள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவரே வீட்டு வாசலுக்கு வந்து, "அது ஒன்னோடது இல்லம்மா, பக்கத்துக் கூடையில இருந்து மாறி வந்துருச்சு" என்று சொன்ன பிறகுதான் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். அப்படி ஒரு ரோஷக்காரி. எனக்கு இருக்கும் வாய் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

எனக்கோ அந்தப் புகையிலை நெடி ஆகவே ஆகாது. காலையில் குடித்த கஞ்சி பத்து மணிக்குள் வாய்க்கு வந்துவிடும். கொட்டகைக்குப் பின்னால் வேலி ஓரம் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவேன். அம்மா பார்க்காத மாதிரி இருப்பாள். ஒரு நாள் சொன்னாள்: "ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கிழம ஒம் பேரப் பெரிய கொட்டகையில எழுதச் சொல்லிருக்கேன். சுத்த ஒக்காந்துட்டா நெடி பழகிரும்." பெரிய கொட்டகையில் பேர் ஏறிவிட்டால் அவ்வளவுதான். அதற்குப் பிறகு கிழவியாகித்தான் வெளியே வர முடியும். ஈஸ்டருக்கு இன்னும் எத்தனை நாள் என்று தினமும் எண்ணிக்கொண்டு இருந்தேன்.

எங்கள் தெரு முனையில் ஒரு ரேடியோ கடை. கடைக்காரரை அம்மா அண்ணே என்பாள், நாங்கள் மாமா என்போம். அந்த வருடம் பெரிய வெள்ளி அன்று கோயில் மைதானத்தில் நடக்கும் ஆண்டவர் பாடுகளின் நாடகத்துக்கு மின்னல் செய்து தருவதாக மாமா ஒப்புக்கொண்டிருந்தார். முந்தைய வருடம் ஆண்டவர் உயிர்விடும் காட்சிக்கு மின்னல் என்று பட்டாசு மருந்தைக் கொளுத்தி, திரைச்சீலையில் பாதி போய்விட்டது. பங்குச் சாமியார் நெருப்பு கூடாது என்று சொல்லிவிட்டார். மாமாவிடம், மூடிப்போன ஒரு ஜவுளிக்கடையின் நியான் போர்டுக்கு இருந்த டிரான்ஸ்ஃபார்மர் கிடந்தது. ஆயிரக்கணக்கான வோல்ட் தரும். பூட்டுப் பட்டறையில் இருந்து இரண்டு பித்தளைக் குமிழும் வாங்கி வந்துவிட்டார். இடையில் ஒரு சாமான்தான் இல்லை. அந்தக் கரண்டைச் செத்த நேரம் தேக்கி வைத்து, இரண்டு குமிழுக்கும் நடுவே ஒரே பாய்ச்சலில் விடுகிற கண்டன்சர். அம்புட்டு வோல்ட்டைத் தாங்குகிற கண்டன்சர் ஊருக்குள் எந்தக் கடையிலும் இல்லை. ரேடியோவுக்கு உள்ளதைப் போட்டுப் பார்த்தார், பொரிகடலை மாதிரி வெடித்தது.

என் அண்ணன் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டால் அந்தக் கடையில்தான் கிடப்பான். மாமாவிடம் இருந்த அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு, "நாமளே சுத்தலாம் மாமா" என்றான். ஒரு வெள்ளித்தாள், அதன்மேல் இரண்டு அடுக்குப் பிளாஸ்டிக் தாள், மறுபடி ஒரு வெள்ளித்தாள், மறுபடி இரண்டு அடுக்கு. நான்கையும் சேர்த்துப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டினால் கண்டன்சர். ஒரு வெள்ளித்தாளுக்கு இந்தப் பக்கம் வால், மற்றதுக்கு அந்தப் பக்கம் வால். வால் என்பது செம்புத் தகட்டில் வெட்டிய நாடா. கணக்கெல்லாம் போட்டு நோட்டில் எழுதிவிட்டான். கணக்கில் அவன் புலி.

சுற்றுவதில் எலி. அவன் சுற்றிக் கொண்டு வந்ததைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன்.

"என்னண்ணே இது, மழையில நனஞ்ச பாய் மாதிரி இருக்கு?"

"போடி. நீ சுத்திருவியோ?"

"நான் யாரு மகளுன்னு நெனச்சே?"

மாமா பீடியை வாயில் இருந்து எடுத்தார். "ஏ பாப்பா, இது கரண்டு சமாச்சாரம். சுருட்டு இல்ல."

"சுத்துறதுதான மாமா? நான் சுத்தி மின்னல் வெட்டுச்சுன்னா எனக்கு இங்க ஒரு ஸ்டூல் போடணும். வேலைக்கு."

மாமா சிரித்த சிரிப்பில் பீடிச் சாம்பல் வேட்டியில் விழுந்தது. "சரி போ. நாடகத்துல மூணு தடவ மின்னல் வெட்டணும். மூணும் வெட்டுச்சுன்னா, சுத்துனது யாரோ அவங்களுக்கு ஸ்டூல்." என்னால் முடியாது என்று நினைத்துச் சொன்னதுதான். ஆனால் என் அண்ணனைச் சாட்சியாக வைத்துக்கொண்டு சொன்னார்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம். மளிகைக் கடையில் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளித்தாளைக் கேட்டு வாங்கி, தண்ணீரில் ஊறப்போட்டு, முதுகில் ஒட்டிய காகிதத்தைச் சுத்தமாக உரித்து எடுத்தேன். அதை வழவழப்பாக்க அம்மியின் குழவியால் உருட்டினேன். பிளாஸ்டிக்குக்கு உர மூட்டையின் உள்ளே இருக்கும் பாலிதீன் பை. உரக்கடையில் அண்ணன் கேட்டு வாங்கி வந்தான். பையில் உர உப்பு ஒட்டியிருந்தால் கரண்டு கசியும் என்றான். விரலில் நெறுநெறுப்பு போகும்வரை கழுவி, நிழலில் காயப்போட்டேன். அண்ணன் நோட்டில் இல்லாத ஒன்றை நானே செய்தேன்: ஒவ்வொரு பையிலும் தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பிடித்தேன். எங்கே ஒரு முத்து கசிகிறதோ அங்கே ஊசித்துளை. அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு வெட்டினேன். இன்றைக்குக் கம்பெனிகளில் இதற்கென்று மெஷின் வைத்திருக்கிறார்களாம். என்னிடம் ஒரு குடம் தண்ணீர் இருந்தது.

முதல் உருளை உள்ளே தேனீக்கூடு மாதிரி ரீங்கரித்து, ஓட்டை விழுந்து போனது. பிரித்துப் பார்த்துவிட்டு அண்ணன், அடுக்குக்கு நடுவில் காற்று நிற்கிறது என்றான். அது என் கைப்பழக்கம். சுருட்டு என்றால் இழுக்கப் புகை வர வேண்டும், அதற்காக நம் கை தானாகவே ஒரு மூச்சு விட்டுச் சுற்றும். அதை மறக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. மூச்சே விடாத சுருட்டு ஒன்றைச் சுற்றப் பழகினேன். சுற்றி முடித்ததும் அவிழாமல் இருக்க மேலே நூலைச் சாய்வாகச் சுற்றிக் கட்டுவேன், சுருட்டுக்கு மேல் இலை ஏறுகிற அதே சாய்வில்.

அடுத்த உருளை ரீங்கரிக்கவில்லை. ஆனால் குமிழில் பொறி வருவதற்கு முன்னால் உருளையின் முனையிலேயே நீலமாய் ஊர்ந்து படபடத்தது.

"ஒங் கையில புகையிலைத் தைலம். அதான் இழுக்குது" என்றார் மாமா.

புளியும் சாம்பலும் போட்டுத் தோல் உரியத் தேய்த்துவிட்டு வந்து சுற்றினேன். அதே படபடப்பு. "உரப் பை மட்டம்" என்றார். அண்ணன் கணக்கைப் பார்த்து, தடிமன் சரிதான் என்றான். இரண்டு ஆண்பிள்ளைகளும் வாதாடிக்கொண்டு இருக்க, நான் உருளையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனேன். உடம்பில் எங்கேயும் ஓட்டை இல்லை. இரண்டு முனையின் உதட்டில் மட்டும் கரி. அந்த முனைகளை நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? சுற்றி முடித்ததும் நம் வளைகத்தியால் இரண்டு பக்கமும் வழித்து நறுக்கி, கண்ணாடி மாதிரி சமமாக்கி இருந்தேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். முனை வெட்டாத சுருட்டைக் கணக்கப்பிள்ளை மூஞ்சியில் எறிவாரே! வெள்ளித்தாளும் பிளாஸ்டிக்கும் ஒரே கோட்டில் நின்றதால், கரண்டு பிளாஸ்டிக்கைத் துளைக்க மெனக்கெடவே இல்லை. விளிம்பைச் சுற்றி நடந்து போய்விட்டது. வேலி முடிகிற இடம் பக்கத்திலேயே தெரிந்தால் ஆடு எதற்குத் தாண்டப் போகிறது?

"வேலிய நீட்டணும் மாமா" என்றேன். வெள்ளித்தாளைவிட பிளாஸ்டிக் இரண்டு பக்கமும் மூன்று விரல் நீளமாக வெளியே நிற்கும்படி நான்கு உருளை சுற்றினேன். பார்க்கச் சகிக்காது. தலை கலைந்த பைத்தியக்காரி மாதிரி இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் பறந்துகொண்டு நின்றது.

ஆனால் வெட்டியது! கடை ஷட்டரை இறக்கிவிட்டு, பட்டப்பகலில், அந்த இருட்டுக்குள் படார் என்று ஒரு வெள்ளை வெளிச்சம். மாமாவின் பல்லில் இருந்த வெற்றிலைக் காவிகூடத் தெரிந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த, கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை, "கரண்ட நிப்பாட்டியாச்சா?" என்று கேட்டுவிட்டு, நிப்பாட்டியாச்சு என்றதும் உருளையைத் தடவப் போனார். டிரான்ஸ்ஃபார்மர்தான் நின்றிருந்தது. உருளை தேக்கி வைத்தது உள்ளேயே இருந்தது. மனிதர் "யேசுவே!" என்று அலறி வாசற்படியில் போய் உட்கார்ந்தவர், கால்மணி நேரம் தன் விரலை எண்ணிக்கொண்டே இருந்தார். நல்ல வேளை, மிச்சம் மீதி கரண்டுதான். அன்றைக்கே அண்ணன் காய்ந்த மூங்கில் குச்சியில் செம்புக் கம்பி கட்டி வைத்தான். அந்தக் குச்சியால் இரண்டு வாலையும் சேர்த்துத் தொட்டுக் கரண்டை இறக்கிவிட்டுத்தான் உருளையில் கை படவேண்டும். இன்றும் என் கடைப் பையன்களுக்கு முதல் சட்டம் அது.

பெரிய வெள்ளி வந்தது. நான்கு உருளையையும் துணியில் பொதிந்து வீட்டுப் பரணில் வைத்திருந்தேன். காலையில் நானும் அண்ணனும் சிலுவைப் பாதைக்குப் போய்விட்டு, நடுமதியம் திரும்பி வந்தோம். அம்மா கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு, முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால், வெள்ளைத் துணி மேல், என் நான்கு உருளைகள்.

செம்பு வாலை மட்டும் விட்டுவிட்டு, அத்தனை முனையையும் வழித்து நறுக்கியிருந்தாள். கண்ணாடி மாதிரி.

"ஊரே பாக்கப் போகுது. கலஞ்ச தலையோட அனுப்புவியா? எம் மக சுத்துனதுன்னு நாளைக்கு நாலு பேரு சொல்லுவாங்கல்ல" என்றாள்.

அண்ணன்தான் கத்தினான்: "அம்மா, என்னம்மா பண்ணித் தொலச்சிருக்கே! இனிமே மின்னல் எங்கிட்டு வெட்டும்?" நான் அழ ஆரம்பித்தேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டூல், மூன்று மின்னல், திங்கட்கிழமை, வேலி ஓர வாந்தி. ஸ்டூல் விஷயம் அதுவரை அம்மாவுக்குத் தெரியாது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு உருளையை எடுத்து முனையை விரலால் தடவினாள்.

"பிளாஸ்டிக்கு வெளிய நீட்டி நிக்கணும். அம்புட்டுத்தான?"

"ஆமா. இனி புது பைக்கு எங்க போறது? கழுவிக் காயவே ஒரு நாள் ஆகும்."

"ஏன்டி அழுகுறே? நீட்ட முடியலன்னா உள்ள இருக்கிறதக் குறச்சா ஆச்சு. பிரி எல்லாத்தையும். வெள்ளித்தாள ரெண்டு பக்கமும் மூணு வெரல் நறுக்கு."

அண்ணன் வாயைப் பிளந்தான். "சக்தி கொறஞ்சிரும்மா."

"மின்னலு செத்த சின்னதா வெட்டட்டும்டா. ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாரு."

சேக்காளிகளே, நான் எத்தனையோ இன்ஜினியர்களோடு வாதாடியிருக்கிறேன். அடுப்படியில் உட்கார்ந்து அம்மா ஒரு நிமிடத்தில் போட்ட அந்த டிசைனுக்கு மேல் ஒன்றை இதுவரை நான் பார்த்ததில்லை.

நான்கையும் பிரித்தோம். அண்ணன் கோடு போட்டு நறுக்கினான். நான் இரண்டு சுற்றினேன், அம்மா இரண்டு சுற்றினாள். "சுருட்டு மாதிரி மூச்சு விட்ராதம்மா" என்று ஒரு தடவைதான் சொன்னேன். அவள் இடது கை உள்ளங்கையால் உருட்டி அழுத்த அழுத்த, அடுக்குக்கு நடுவில் இருந்த காற்று மெல்லிய சத்தத்தோடு வெளியேறியதை நான் காதால் கேட்டேன். ஒரு வாரம் நான் பழகியதை அவள் கை ஒரே தடவையில் செய்தது. நானோ அவசரத்தில் இரண்டு தடவை பிரித்துச் சுற்றினேன். கோயில்பிள்ளை தந்த மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி முனைகளில் ஊற்றினோம். பிரிக்கும்போது கழற்றிய நூலை அவரவர் உருளை மேல் சாய்வாகச் சுற்றிக் கட்டி முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கஞ்சியை யாரும் தொடவில்லை.

இருட்டிய உடனே நாடகம். மைதானம் நிறைய ஜனம். மேடைக்குப் பின்னால், வெள்ளைத் திரைக்கு அந்தப் பக்கம், நானும் அண்ணனும் மாமாவும். ஆண்டவர் தலை சாய்ந்தார். முதல் மின்னல். திரை முழுக்க வெள்ளையாகி அடங்க, முன்வரிசைப் பிள்ளைகள் வீறிட்டார்கள். இரண்டாவது மின்னல். பெண்கள் சிலுவை போட்டுக்கொண்ட வளையல் சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குள் ஒரு உருளையில் இருந்து கருகல் வாடை. பிறகு இன்னொன்றில் இருந்து. மாமா நொடியில் சுவிட்சைத் தட்டிவிட்டு, "போச்சு பாப்பா" என்றார். அண்ணன் குச்சியால் கரண்டை இறக்கிவிட்டு, கருகிய இரண்டையும் பிடுங்கி எறிந்து, மிச்சம் இரண்டை மட்டும் வைத்து மாட்டினான். "போடுங்க மாமா!"

மூன்றாவது மின்னல் வெட்டியது. சின்னதாகத்தான். ஆனால் வெட்டியது.

மறுநாள் காலையில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கருகிய இரண்டும் நல்ல இரண்டும் கையில். நேற்று அம்மாவும் சுற்றியதை அண்ணன் பெருமையில் உளறியிருந்தான். ஒரு பெண்பிள்ளையைக் கடையில் உட்கார வைத்தால் தெரு என்ன சொல்லும் என்ற யோசனை மாமாவுக்கு. இப்போது நினைத்தால் அவர்மேல் கோபம் வரவில்லை. அந்தக் காலத்து மனிதர்.

"நான் வாக்கு மாற மாட்டேம்மா. மூணாவது மின்னலு இந்த ரெண்டால வெட்டுச்சு. சுத்துனது யாரோ அவங்களுக்கு ஸ்டூல்னு சொன்னேன். இந்த ரெண்டும் யாரு சுத்துனது?" என்றார்.

நான் உருளைகளைப் பார்த்தேன். நூலைப் பார்த்தேன். கருகிய இரண்டிலும் நூல் வலப்பக்கம் சாய்ந்து ஏறியிருந்தது. நல்ல இரண்டிலும் இடப்பக்கம். அண்ணனும் அதைப் பார்த்தான். மாமா சுருட்டுப் பிடிக்காதவர், பீடிக்காரர். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அம்மா அவர் கையில் இருந்து நான்கையும் வாங்கினாள். கருகியவற்றைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, நல்லவற்றை என் பக்கம் நகர்த்தினாள்.

"கருகுனது ரெண்டும் என்னோடதுண்ணே. எனக்கு இந்த வேல தெரியல. தொளதொளன்னு சுத்திப்புட்டேன்" என்றாள்.

ஒரு சுருட்டைத் தளர்வு என்று சொன்னதற்கு இரண்டு நாள் கொட்டகைப் பக்கமே போகாதவள்.

திங்கட்கிழமை பெரிய கொட்டகையில் என் பேர் ஏறவில்லை. ரேடியோ கடையில் ஸ்டூல் போட்டார்கள். அங்கிருந்துதான் ரேடியோ, மிக்ஸி, மோட்டார், பிறகு சொந்தக் கடை, எல்லாம். அம்மா கடைசிவரை கொட்டகையில்தான் சுற்றினாள். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவளுடைய வளைகத்தி எந்த வீடு மாறும்போதோ தொலைந்துபோனது. மாமாவின் கடையும் இப்போது செல்போன் கடை.

நல்ல உருளைகளில் ஒன்று என் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மெழுகு மஞ்சள் பூத்துவிட்டது, நூல் அப்படியே இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். "பதிமூணு வயசுல நான் சுத்துனது" என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். மோட்டார் கொண்டு வருகிற விவசாயிக்கும் இன்ஜினியர் பையனுக்கும் நூல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கத் தெரியாது.

உங்களுக்குத் தெரியும். வாசலில் நின்று பார்த்தாலே, "ஏன்டி, இது ஒங்கம்மா கையில்ல?" என்று கேட்டுவிடுவீர்கள். உங்களில் ஒருத்தியைக்கூட இத்தனை வருடம் நான் உள்ளே கூப்பிட்டு டீத்தண்ணி கொடுக்காததற்கு அதுதான் காரணம்.

நாளைக்கு வாருங்கள். ஒன்பது மணிக்கு ஷட்டர் தூக்குவேன். பெட்டியைத் திறந்து கையிலேயே கொடுக்கிறேன்.